செம்மண்ணின் பசி

நாட்டின் செல்வம் எது என்று கேட்டால் சிலர் தங்கத்தைச் சொல்வார்கள். சிலர் ஆலைகளையும் அணைகளையும் சொல்வார்கள். ஆனால் நாம் அனைவரும் உண்டு உயிர் தரித்திருப்பது ஒரு சாண் ஆழமுள்ள மேல்மண்ணை நம்பித்தான். அந்த ஒரு சாண் மண் சீர்கெட்டுப் போனால், இருக்கிற தங்கம் முழுவதையும் கொட்டிக் கொடுத்தாலும் அதை ஒரு தலைமுறையில் மீட்க இயலாது. இத்தகைய ஆஸ்தியை நாம் எவ்வாறு வைத்துக் காப்பாற்றி வருகிறோம் என்று அவ்வப்போது கணக்குப் பார்ப்பது நம் கடமையாகும்.

காவிரியும் தாமிரபருணியும் பாயும் நன்செய்களின் பெருமையைப் பாடாத புலவர் இல்லை. கோவில்பட்டிக் கரிசலுக்கும் பருத்தியினால் ஒரு கீர்த்தி ஏற்பட்டிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு நிலத்தில் பெரும்பகுதி நன்செய்யுமன்று, கரிசலுமன்று, செம்மண். புதுக்கோட்டை, சிவகங்கை, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று எந்தத் திசையில் பிரயாணம் செய்தாலும் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சிவந்த புன்செய்தான். கம்பும் கேழ்வரகும் நிலக்கடலையும் துவரையும் கொள்ளும் அதில்தான் விளைகின்றன. ஆற்றுப் பாசனத்துக்கு வழியில்லாத எத்தனையோ லட்சம் குடும்பங்களின் பிழைப்பு அதிலேதான் இருக்கிறது. இந்த ஏழை மண்ணைப் பற்றித்தான் இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

ஏன் இந்த ஏழ்மை?

நம் குடியானவர்கள் சோம்பேறிகள், ஆகையால்தான் மண் கெட்டது என்று சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. அது அறியாமைப் பேச்சு. ஏழ்மைக்கு முதற் காரணம் வெயிலும் மழையும்.

குளிர் நாடுகளில் உதிர்ந்த இலையும் வேரும் மக்கி மறைவதற்குப் பல வருஷங்கள் செல்லும். அதனால் அங்கே மண்ணில் கறுத்த மக்கு சேர்ந்துகொண்டே இருக்கும். நம் நாட்டிலோ, உஷ்ணமும் ஈரமும் ஒன்று கூடியவுடன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அசுர வேகத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. இலைதழைகளில் பெரும்பங்கை ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே தின்று தீர்த்துவிடுகின்றன. அதிலிருந்த கரி, கரியமில வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. நூறு பங்கு மண்ணில் அரைப் பங்கு கரிகூட இல்லாத புன்செய்கள் நம் நாட்டில் ஏராளம்.

இரண்டாவது காரணம் மண்ணின் இயல்பு. செம்மண்ணிலுள்ள களி, கரிசல் மண்ணிலுள்ள களியைப்போல் சத்துகளைப் பற்றி நிறுத்தும் ஆற்றல் உடையதன்று. ஒரு பெருமழை அடித்தால் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகின்றன. இதற்கு நேர்மாறாக, மணிச்சத்தோ போகவும் மாட்டாது, உதவவும் மாட்டாது. மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைத் தருகிற இரும்புத் துரு அதனை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விட மறுக்கிறது. கருமியின் பெட்டியில் பணம் இருந்தும் வீட்டார் பட்டினி கிடப்பது போன்ற நிலைமை இது.

இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து மக்குத்தான். மக்கு தன் எடையைக் காட்டிலும் அதிகமான நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சத்துகளை மழை அடித்துச் செல்லாமல் பற்றி நிறுத்தும். இரும்பின் பிடியை ஓரளவு தளர்த்தும். மழை விட்டதும் செம்மண்ணின் மேல் ஓடு கட்டி, முளை வெளிவர முடியாமல் திணறுவதைப் புன்செய்க்காரர்கள் நன்கு அறிவார்கள். மக்கு உள்ள மண் அவ்வாறு இறுகுவதில்லை. மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் அதுவே ஆகாரம். ஆகவே, உரம் இடுவதென்பது பயிருக்கு மாத்திரம் உணவளிப்பதன்று, மண்ணுக்கே உணவளிப்பது.

முன்னோர் கண்ட வழி

இந்த உண்மையை நம் முன்னோர் இரசாயன சாஸ்திரம் படித்து அறியவில்லை, அனுபவத்தில் அறிந்தார்கள். உழவுக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதில் எருவையும் மறக்கவில்லை. அறுவடையான வயல்களில் இரவெல்லாம் ஆடுகளை மடக்கிக் கிடை போடும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. இராமநாதபுரம் சீமைக் கீதாரிகள் தங்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமை வரையில் போய்க் கிடை அமர்த்துவார்கள். புழுக்கை, மூத்திரம் இரண்டும் ஏற்றுக்கூலி, இறக்குகூலி இல்லாமல் நிலத்திலேயே சேர்ந்துவிடும். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை வண்டி வண்டியாக அள்ளிப் புன்செய்யில் பரப்புவதும், கொழிஞ்சியையும் ஆவாரையையும் எருக்கையும் வெட்டி வயலில் மிதிப்பதும் அந்த அனுபவத்தின் கிளைகளே. ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்ற பழமொழியில் ஒரு விஞ்ஞான பாடமே அடங்கியிருக்கிறது. ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து மிகுதி. அது சீக்கிரம் கரைந்து பயிருக்கு உதவும். மாட்டுச் சாணம் மெதுவாக மக்கி அடுத்த வெள்ளாமைக்கும் மிச்சம் வைக்கும்.

ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில், இந்திய விவசாயத்தைச் சீர்திருத்துவதற்கு யோசனை கூறும்படி 1889-ஆம் வருஷத்தில் வோல்க்கர் என்ற இரசாயன நிபுணரை இங்கிலாந்திலிருந்து அனுப்பி வைத்தார்கள். 1893-இல் வெளியான தமது அறிக்கையில் அவர், நல்ல இந்திய விவசாயி சாதாரணமான ஆங்கில விவசாயிக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவன் அல்லன், சில விஷயங்களில் மேலானவனும்கூட என்று எழுதிவிட்டார். சாணத்தை வறட்டியாக்கி எரிப்பது மூடத்தனம் என்று பலர் பழித்த காலத்தில், விறகு கிடைக்காத கொடுமையினால்தான் அவ்வாறு செய்கிறார்கள், அடுப்புக்கு மரம் வளர்த்துக் கொடுங்கள், சாணம் தானே வயலுக்குப் போகும் என்பது அவர் சொன்ன யோசனை. எலும்பும் எண்ணெய் வித்துக்களும் கப்பலேறி அயல்நாடு போவதால் நம் மண்ணின் சத்து போகிறது என்பதையும் அவர் கவனித்து எழுதினார். அறிக்கை அச்சாயிற்று, ஏற்றுமதியோ நிற்கவில்லை.

பிறகு 1905-இல் வந்தவர் ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட். விவசாயம் கற்பிக்க வந்த இவர், நம் குடியானவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையுமே தமது ஆசிரியர்களாகக் கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் இருந்தபோது, யஷ்வந்த் வாட் என்ற இந்தியருடன் சேர்ந்து, குப்பையை எருவாக்கும் முறை ஒன்றை ஒழுங்குபடுத்தினார். ‘இந்தூர் முறை’ என்று அது உலகெங்கும் பெயர் பெற்றிருக்கிறது.

அந்த முறையில் மாயம் ஒன்றுமில்லை. களை, சருகு, தோகை, தட்டை முதலிய செத்தைகளை ஒரு படை பரப்புவது. அதன்மேல் சாணமும், கோமியம் ஊறிய தொழுவத்து மண்ணும், சிறிது அடுப்புச் சாம்பலும் தூவுவது. மீண்டும் செத்தை, மீண்டும் சாணம். பிழிந்த துணியின் ஈரம் குவியலில் இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. குவியல் கை பொறுக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் மடிந்துவிடும். மூன்று முறை புரட்டிப் போட்டால் சுமார் 90 நாட்களில் மண்வாசனை வீசும் கறுத்த எரு தயார்.

செத்தையையும் சாணத்தையும் கலப்பதற்குக் காரணம் உண்டு. வைக்கோலில் தழைச்சத்து 1 பங்கு இருந்தால் கரி ஏறக்குறைய 80 பங்கு இருக்கும். நுண்ணுயிர்களுக்குத் தோதான விகிதம் சுமார் 30 பங்கு. பச்சை வைக்கோலை அப்படியே உழுதுவிட்டால், அந்த உயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே பறித்துக்கொள்ளும், பயிர் வெளுத்துப்போகும். ‘எரு போட்டேன், பயிர் கெட்டது’ என்று சொல்கிறவர்களில் பலர் மக்காத எருவைப் போட்டவர்களே.

காந்தியடிகளுக்குக் குப்பையில் இருந்த அக்கறையை நேயர்கள் அறிவார்கள். நாடு விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், 1947 டிசம்பரில், மீராபென் அம்மையின் முயற்சியால் டில்லியில் அகில இந்திய எரு மகாநாடு ஒன்று ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் கூடியது. பிரிவினையின் இரத்தம் காயாத அந்த நாளிலும் குப்பைக்குழியைப் பற்றி யோசிக்க நேரம் ஒதுக்கினார்கள் என்பது சிந்திக்கத் தக்கது. தஞ்சாவூரில் பிறந்து, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்தி, கடைசியில் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் வந்து தங்கிய ஜே. ஸி. குமரப்பா, பூமியிலிருந்து எடுத்ததைப் பூமிக்கே திருப்பிக் கொடுப்பதைத் தம் பொருளாதாரக் கொள்கைக்கே அஸ்திவாரமாக வைத்தார்.

கணக்கு என்ன சொல்கிறது?

இவ்வளவும் கேட்டபின், ‘அப்படியானால் எல்லோரும் தொழு எருவையே இடலாமே’ என்று சொல்வது எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இட வேண்டும் என்பது வழக்கமான சிபாரிசு. நூறு பங்கு நல்ல எருவில் தழைச்சத்து அரைப் பங்குதான். ஆகவே 5 டன்னில் இருப்பது 25 கிலோ. அதிலும் ஒரு பகுதியே முதல் வருஷத்தில் பயிருக்குக் கிட்டும். மீதி பின்னால் வரும். சரி, 5 டன்னுக்கு எத்தனை மாடு வேண்டும்? மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடுவதாக வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்குச் சற்று மேல் ஆகும். அது பச்சைச் சாணம். மக்கினால் பாதிக்குமேல் குறைந்துவிடும். மேய்ச்சலில் சிந்துவது வேறு. ஆகவே, செத்தையைச் சேர்த்துக்கொண்டாலும் ஏக்கருக்கு இரண்டு மூன்று மாடாவது வேண்டும். உழவு மாடு போய் டிராக்டர் வந்துவிட்ட காலத்தில், நாலு ஏக்கர் புன்செய்க்காரர் பத்து மாடுகளுக்கு எங்கே போவார்?

இந்தக் கணக்கைப் பாராமல் ஒரு தேசமே துன்பப்பட்டதைச் சமீபத்தில் பார்த்தோம். இலங்கையில் 2021 ஏப்ரலில், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார். அவ்வளவு நிலத்துக்கும் வேண்டிய இயற்கை எரு நாட்டில் தயாராக இருக்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை குன்றியது, அரிசியை வெளிநாட்டில் வாங்க நேர்ந்தது. ஏழு மாதத்துக்குள், நவம்பரில், தடையைத் தளர்த்திவிட்டார்கள். அதற்குள் மட்டக்களப்பு வயற்காரனுக்கும் மலையகத் தோட்டத் தொழிலாளிக்கும் நேர்ந்த நஷ்டம் நேர்ந்ததுதான். பட்டினி கிடந்த மண்ணை ஒரே நாளில் பத்தியத்துக்கு மாற்றக்கூடாது என்பதே அதில் நாம் காணும் பாடம்.

எதிர்ப்புறத்துப் பாடமும் உண்டு. கோயம்புத்தூரில் 1909-இல் செம்மண் நிலத்தில் தொடங்கிய நிரந்தர எருப் பரிசோதனை நூறாண்டைக் கடந்து நடந்து வந்திருக்கிறது. ஒரு பாத்திக்கு ஒன்றுமே இடாமலும், ஒன்றுக்குத் தழைச்சத்து மாத்திரமும், ஒன்றுக்கு மூன்று சத்துகளும், ஒன்றுக்குத் தொழு எருவுமாக இட்டு வருகிறார்கள். தழைச்சத்தை மாத்திரம் தனியே இட்ட மண் தளர்ந்துவிட்டது. மூன்று சத்தும் அளவோடு பெற்ற மண் விளைச்சலைத் தாங்கியது. தொழு எரு பெற்ற மண்ணில் கரி வளர்ந்தது. வெறும் யூரியாவை மட்டும் அள்ளி வீசுகிற நம் நாளைய வழக்கத்துக்கு இதைவிட நிதானமான கண்டனம் வேறு இல்லை.

பக்கத்து வரிசையின் உதவி

எரு போதாது; உரமும் தனியே உதவாது. பின் என்ன செய்வது? இங்கேதான் ஊடுபயிர் வருகிறது.

சோளத்தின் நடுவே துவரை, நிலக்கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை, வரப்போரத்தில் ஆமணக்கு, கேழ்வரகில் மொச்சை—இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஒரே நிலத்தில் பலவற்றை விதைப்பதைப் பார்த்து ‘ஒழுங்கில்லாத விவசாயம்’ என்று சிரித்த மேல்நாட்டார் ஒருகாலத்தில் இருந்தனர். இன்று விஞ்ஞானிகள் அந்த ஒழுங்கின்மைக்குள் இருக்கும் ஒழுங்கைத் தேடிப் படித்துவருகிறார்கள்.

சோளம் வேகமாக வளர்ந்து நாலு மாதத்துக்குள் கதிர் அறுப்புக்கு வந்துவிடும். துவரையோ முதல் இரண்டு மாதம் இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். சோளத்தை அறுத்தபின் அது தலை நிமிர்ந்து, மண்ணின் அடியில் மிஞ்சிய ஈரத்தை ஆழ வேரினால் உறிஞ்சி, பூத்துக் காய்க்கும். ஒரே வீட்டில் பகல் வேலைக்காரர் ஒருவரும் இரவு வேலைக்காரர் ஒருவரும் குடியிருப்பதைப் போல, ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லை.

ஹைதராபாத்துக்கு அருகே பதான்சேருவில் 1972-இல் நிறுவப்பட்ட சர்வதேச வறட்சிநிலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், சோளமும் துவரையும் பற்றிய 94 பரிசோதனைகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்டு 1980-இல் வெளியிட்டார்கள். வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அதைச் சேதம் என்று வைத்துக்கொண்டால், துவரையைத் தனியே விதைத்தவனுக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை சேதம். சோளத்தைத் தனியே விதைத்தவனுக்கு 8 வருஷத்துக்கு ஒரு முறை. இரண்டையும் சேர்த்து விதைத்தவனுக்கு 36 வருஷத்துக்கு ஒரு முறைதான். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு இதைவிட நல்ல இன்ஷூரன்ஸ் எது?

அதே நிலையத்தில் 1990-இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி செம்மண்ணுக்கே உரியது. துவரையின் வேர் ஒருவகை அமிலத்தைக் கசிய விடுகிறது. அது இரும்பின் பிடியில் கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்கிறது என்று கண்டார்கள். முன்னே சொன்னோமே, கருமியின் பெட்டி என்று? அந்தப் பெட்டிக்குச் சாவி துவரையின் வேரில் இருக்கிறது! அது விடுவித்த சத்தில் ஒரு பங்கு உதிரும் இலையாகவும் மடியும் வேராகவும் பின்வரும் பயிருக்குக் கிடைக்கிறது.

பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கும் சோளத்துக்குத் துவரை அன்றன்று தழைச்சத்தை வார்த்துக் கொடுப்பதாக எண்ணிவிடக் கூடாது. அதன் தயவு பெரும்பாலும் அடுத்த வெள்ளாமைக்குத்தான். அதிலும், காயைப் பறித்து, கொடியை வேரோடு பிடுங்கி, பொட்டைக்கூட விற்றுவிட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பமே. கடலைக்கொடி மாட்டுக்கும், மாட்டின் சாணம் குழிக்கும், குழியின் எரு நிலத்துக்கும் போய்ச் சேர்ந்தால்தான் சக்கரம் சுழலும்.

ஆமணக்கின் கதை வேறு. புகையிலைப் புழுவின் தாய்ப்பூச்சிக்குக் கடலை இலையைவிட ஆமணக்கின் அகன்ற இலையில் முட்டையிடப் பிரியம். அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிட்டால் கடலைக்கு மருந்தடிக்கும் செலவு குறையும். ஊடுபயிரிலும் அளவு தவறக் கூடாது. நெருக்கி விதைத்தாலும், ஒரே காலத்தில் ஒரே ஆழத்து நீருக்குப் போட்டியிடும் இரண்டைச் சேர்த்தாலும் இரண்டும் கெடும். சோடி பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும் அல்ல.

படித்த குடும்பங்களின் பங்கு

‘இவையெல்லாம் உழுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய சங்கதி, நமக்கு ஏன்?’ என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு ஊரில் இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ பிதிரார்ஜித நிலம் இருக்கிறது! பட்டா பீரோவில் பத்திரமாக இருக்கும். நிலத்தை வாய்வார்த்தையாக வருஷக் குத்தகைக்கு விட்டிருப்போம். அடுத்த வருஷம் யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு மாற்றியும் விடுவோம்.

மாட்டு எரு மறுவருஷம் என்று பழமொழி சொல்கிறது. மறுவருஷம் அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரன், தன் மாட்டு எருவை அதில் ஏன் கொட்டுவான்? அவன் செய்யக்கூடியது, உடனே பயன் தரும் யூரியாவை வீசி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போவதுதான். குற்றம் அவனுடையதன்று. மக்கு சேர ஐந்தாறு வருஷமாகும். குத்தகையோ ஒரு வருஷம். மண் கெடுவதற்கு வெயில், மழை, இரும்பு என்று பல காரணம் கூறினோம். அவற்றோடு இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்வதே நியாயம். ஆறு வருஷத்துக்கு எழுத்து மூலமாகக் குத்தகை கொடுத்து, எரு இடுகிற வருஷத்தில் வாரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும் சொந்தக்காரர், சர்க்காரின் எந்தத் திட்டத்தைக் காட்டிலும் தம் மண்ணுக்கு அதிக நன்மை செய்தவராவார்.

நிலமே இல்லாத பட்டணத்துக் குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கிராமத்து மண்ணின் சத்து அரிசியாகவும் பருப்பாகவும் காய்கறியாகவும் தினந்தோறும் நம் சமையலறைக்கு வருகிறது. தோலும் காம்பும் எச்சிலையுமாக மிஞ்சியது பிளாஸ்டிக் பையில் முடியப்பட்டுக் குப்பை மேட்டுக்குப் போகிறது. கண்ணாடித்துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பையை எந்தக் குடியானவர் தம் நிலத்தில் அனுமதிப்பார்? மக்குவதையும் மக்காததையும் சமையலறையிலேயே பிரித்து வைப்பது மிக அற்பமான வேலை. அந்த அற்ப வேலை நடக்காவிட்டால், நகரத்தில் செலவான சத்து கிராமத்துக்குத் திரும்பும் பாதை அடைபட்டே கிடக்கும்.

கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் உத்தியோகம் பார்த்து, 1969-இல் அதை உதறிவிட்டு வந்த நம்மாழ்வார், 2013-இல் காலமாகும் வரையில் ஊர் ஊராக நடந்து இந்த விஷயத்தையே பேசினார். அவருடைய கொள்கை முழுவதையும் ஒப்புக்கொள்ளாதவர்களும், மண்ணைப் பற்றிப் பேசுவதை ஒரு கௌரவமான காரியமாக அவர் ஆக்கினார் என்பதை மறுக்க மாட்டார்கள்.

இரசாயன உரம் விஷம் என்று சபிப்பதும், சாணம் சர்வரோக நிவாரணி என்று கும்பிடுவதும் வாதத்துக்கு உதவலாம், மண்ணுக்கு உதவா. மக்கிய எரு இருக்கிற மட்டும்; பசுந்தாளும் ஊடுபயிரும் முடிகிற இடமெல்லாம்; மண்ணைப் பரிசோதித்துக் குறைகிற சத்துக்கு மாத்திரம் அளவான உரம்—இந்த நடுவழியில் சில வருஷங்கள் நிதானமாகச் சென்றால் செம்மண் தேறும். வரும் சித்திரையில் ஊருக்குப் போகிற நேயர்கள், குத்தகைப் பணத்தை எண்ணி வாங்குவதற்கு முன் நிலத்தில் இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்க்கட்டும். அது கையில் பொலபொலவென்று உதிர்கிறதா, கல்லாய் இறுகிக் கிடக்கிறதா என்பதைக் கண்டபின், குத்தகையைப் பற்றிக் குத்தகைதாரரோடு பேசட்டும்.